முன்னால் வந்த எடை

முந்திரிக்காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் கரம்பைக்குப்பத்துக்கு அரிசி வராமல் அரிசியின் எடை மட்டும் வந்து சேர்ந்த கதை இது. நம்ப முடியாதவர்கள் தங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில் ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டு வரட்டும், அதற்கப்புறம் எதையும் நம்புவார்கள்.

மார்ச் மாதத்தின் கடைசி நாள். அஞ்சலாட்சி வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பக்கத்தில் சாம்பல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, முந்திரிக்கொட்டையைக் கட்டையில் வைத்துத் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் மகள் தேன்மொழி, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், வீங்கின காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தாள். சுவரில் அடித்த ஆணியில் யூரியா சாக்கை வெட்டித் தைத்த ரேஷன் பை, பொங்கலிலிருந்து காலியாகவே தொங்கிக்கொண்டிருந்தது. செல்போன் டிங்கென்றது. அடுத்த மூச்சில் அந்தப் பை, ஆணியையும் ஆணி பிடித்திருந்த காரையையும் பெயர்த்துக்கொண்டு தொப்பென்று தரையில் விழுந்தது.

"என்னாடி உழுந்துச்சு?"

தேன்மொழி போனை எடுத்து வாசித்தாள். "நம்ம கார்டுக்கு இருபது கிலோ அரிசி குடுத்தாச்சாம்மா. நன்றின்னு வேற போட்டுருக்கு."

"யாரு யாருக்கு நன்றி சொல்றது?" என்று அஞ்சலாட்சி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பையைத் தூக்கினாள். தூக்க வரவில்லை. வாயைப் பிரித்துப் பார்த்தாள், ஒரு மணி இல்லை. உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினாள், தையல் நூல்தான் தட்டுப்பட்டது. ஆனாலும் பை கனத்தது, இருபது கிலோ அரிசி எப்படிக் கனக்குமோ அப்படியே கனத்தது. அவளுக்கு அதில் ஆச்சரியமாக ஒன்றும் தோன்றவில்லை. வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

எப்படி நடந்தது என்றால் இப்படித்தான். பொங்கலுக்குப் பிறகு ஊருக்கு லோடு வரவில்லை. லாரி வரவில்லை என்றார்கள், லாரி வந்தால் லோடுமேன் வரவில்லை என்றார்கள், லோடுமேன் வந்தால் சர்வர் வரவில்லை என்றார்கள், அந்தச் சர்வர் எந்த ஊர்க்காரன், எப்போதுதான் வருவான் என்று கேட்டுக்கொண்டே சனங்கள் கடை வாசலில் வரிசைக்குச் செருப்பையும் செங்கல்லையும் கிழிந்த பையையும் போட்டுவிட்டுக் கொட்டை உடைக்கப் போனார்கள். இந்த லட்சணத்தில், மாதம் முடிவதற்குள் எல்லாக் கார்டுக்கும் அரிசி கொடுத்து முடித்திருக்க வேண்டும் என்று மேலேயிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அரிசி அனுப்புகிறோம் என்று சொல்லவில்லை, முடி என்று சொன்னார்கள். கடையில் இருக்கும் தராசோ பில் மிஷினோடு சேர்த்துக் கட்டிய தராசு, அதன் மேல் இருபது கிலோ நின்றால்தான் இருபது கிலோவுக்குப் பில் வரும். சேல்ஸ்மேன் ஏகாம்பரம் புத்திசாலி. கடைக்குப் பின்னால் கிடந்த உடைந்த அம்மிக்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, குறைந்ததற்கு ஒரு செங்கல்லை மேலே வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே ஊரிலுள்ள அத்தனை கார்டுக்கும் பில் போட்டு முடித்தான்.

கைரேகை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டு அஞ்சலாட்சியின் விரல் நுனியெல்லாம் கருகி வழவழவென்று ஆகிவிட்டது; மாசாமாசம் அவள் கட்டைவிரலை வைப்பதும், மிஷின் இது நீ இல்லை என்று சொல்வதும், தேங்காயெண்ணெய் தடவி, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி வைத்துக் கெஞ்சுவதும் வழக்கம். அவள் நேரில் நின்றபோதெல்லாம் அவளை ஆளே இல்லை என்ற மிஷின், அவள் இல்லாத அன்றைக்கு ஒரு அம்மிக்கல்லைப் பார்த்து இவள்தான் அஞ்சலாட்சி என்று ஒத்துக்கொண்டது. மிஷினுக்கும் மேலே இருக்கிறவர்களுக்கும் பொருத்தம் அப்படி.

இதே வேலை பக்கத்து ஊர்களிலும் நடந்ததுதான், அங்கெல்லாம் எடை போகவில்லை. இங்கே மட்டும் ஏன் போனது என்று கரம்பைக்குப்பத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது.

பையை இடுப்பில் வைத்து, மூச்சு வாங்க, அஞ்சலாட்சி கடைக்குப் போனாள்.

"ஏகாம்பரம், அரிசி குடுத்துட்டதா மெசேஜ் வந்துருக்கு. அரிசி எங்க?"

"அது சும்மா கணக்குக்குக்கா. லோடு வரட்டும், மொத ஆளா உங்களுக்குத்தான்."

"அப்ப இது என்னா?" என்று பையைத் தராசில் போட்டாள். இருபது என்று சிவப்பு எழுத்தில் நின்றது. ஏகாம்பரம் பையைத் தூக்கினான், கவிழ்த்தான், உதறினான், மறுபடி வைத்தான். மறுபடி இருபது. மேலேயிருந்து உத்தரவு வந்த நாளாக அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த பயம் அந்த நிமிஷத்தில் தெளிந்துவிட்டது.

"அட, எடை கரெக்டா வந்துருச்சேக்கா! பின்ன என்னாதான் உங்களுக்குக் கொறை?"

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தொப்பென்று விழுந்தது. முதலில் கூச்சல் போட்டார்கள், சாபம் விட்டார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். இரண்டு நாள் போனதும் அடுத்த வீட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது நாள் கீழத்தெரு ஆள் ஒருவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி, "எல்லாருக்கும் இருபது இருக்கு, எனக்கு மட்டும் பத்தொம்பதரைதான் இருக்கு, அரை கிலோவ எங்கடா தின்ன?" என்று ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தார். அதற்கும் நாலு பேர் கூடி ஞாயம் பேசி, அந்த அரை கிலோ வராமல் விடுவதில்லை என்று கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்படி ஒரு ஊர்! இல்லாத அரிசியில் எடை குறைந்ததற்குச் சண்டைக்கு நின்ற சனம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சிலர் அதைச் சமைத்தும் பார்த்தார்கள். வெந்தால் தெரியுமோ என்னவோ என்று பையைப் பானையில் கவிழ்த்து, அடுப்பெரித்து, பதம் பார்த்து, கஞ்சி வடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து தட்டில் போட்டுக்கொண்டார்கள். தட்டு கனத்தது. வயிறு கனக்கவில்லை. ஆனாலும் போதும் போதும் என்று கையைக் கழுவிக்கொண்டு, ஏப்பம் விட்ட ஆம்பிளைகளும் இருந்தார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் வேறு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டபின் மறுபடி பையில் கொட்டி வைத்தார்கள், எடை ஒரு குந்துமணி குறையவில்லை. பிறகு வேறு உபயோகம் கண்டுபிடித்தார்கள். கோடைக்காற்றுக்குப் பறக்கிற தகரக் கூரை மேல் பையை ஏற்றினார்கள், ஆட்டைக் கட்டினார்கள், கொட்டை காயப்போட்ட தார்ப்பாய்க்கு நாலு மூலையிலும் வைத்தார்கள், பக்கத்து வீட்டுப் பவுனு தன் புருஷன் சாராயத்துக்குப் போகாமலிருக்க அவன் கைலியில் பையை முடிந்துவிட்டாள். அரசாங்கம் கொடுத்தது எதுவும் வீண்போகாது என்று பேசிக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி எதற்கும் அதைக் கொடுக்கவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து தேன்மொழியின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லியேம்மா, என்னா சாப்புடறா?" என்று கேட்டபோது அஞ்சலாட்சி மரவள்ளிக்கிழங்கு என்றாள், மோர் என்றாள், பவுனு அக்கா வீட்டில் கடன் வாங்கின குருணையில் கஞ்சி என்றாள். "இப்பிடியே போனா கொழந்த எடை இல்லாம பொறக்கும், கடலூருக்குத் தூக்கிட்டு ஓடணும், பெரிய உசுரு சின்ன உசுரு எதுக்கும் நாங்க பொறுப்பில்ல" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். பெண் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சுடுசோறும் கருவாட்டுக் கொழம்பும் இருந்தா நல்லாருக்கும்மா." அந்த வார்த்தை அஞ்சலாட்சியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊருக்கெல்லாம் முந்திரிப்பருப்பு உடைத்துக் கொடுக்கிற கைக்கு, பெற்ற பெண்ணுக்கு ஒரு பிடி சோறு போட முடியவில்லையே என்று கொட்டைச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் காலிப் பையைக் காலால் நகர்த்திப் பார்த்து, நகராததால் லக்கேஜ் போட்டான். அங்கே அவள் மனுவை வாங்கினவர்கள் பையையும் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நேரில் வந்து விசாரிப்பதாகச் சொன்னார்கள். சொன்னபடி வட்ட வழங்கல் அதிகாரி ஜீப்பில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஈரக் கைக்குட்டை, முத்திரை வைத்த தனித் தராசு. ஊரைக் கூட்டி, அஞ்சலாட்சியின் பையைத் தராசில் வைக்கச் சொன்னார். இருபது. வேறு வீட்டுப் பைகளை வைக்கச் சொன்னார். எல்லாம் இருபது, கீழத்தெருக்காரருடையதுகூட இருபது, அந்தச் சண்டைக்குப் பிறகு ஏகாம்பரம் செங்கல்லில் ஒரு துண்டு கூட்டி வைத்து இன்னொரு பில் போட்டிருந்தான்.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல எத்தனையோ கடை பாத்துட்டேன். கிலோவுக்கு நூறு கிராம் அடிப்பான், எரநூறு கிராம் அடிப்பான். எடை கொறையாத கடைய இன்னைக்குத்தான் பாக்கறேன்." ஊர் கைதட்டியது. ஏகாம்பரத்துக்கு யாரோ துண்டு போர்த்தினார்கள்.

"சார், எடை இருக்கு, ஒத்துக்கறேன். அரிசி எங்க சார்?" என்றாள் அஞ்சலாட்சி.

"அரிசிய எதாலம்மா அளக்கறது?"

"எடையால."

"எடை வந்துருச்சுல்ல? அப்ப அரிசி வந்த மாதிரிதான." கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் பாத்துக்கங்க. இந்தம்மா போன மாசத்துக்கு உண்டான இருபது கிலோவ முழுசா வாங்கிட்டாங்க. நீங்கதான் சாட்சி." ஆமாம் ஆமாம் என்று ஊர் தலையாட்டியது. கிழங்கு தின்று காய்ந்த அத்தனை வாயும் ஆமாம் என்றது.

அதற்கடுத்து ஊராட்சித் தலைவர் வைத்திலிங்கம் கிளம்பினார். மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் எடைக்கு எடை அரிசி துலாபாரம் கொடுப்பதாக மலைக்கோயில் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார், வேலையும் கிடைத்துவிட்டது. வேண்டும்போது தன் உடம்பைப் பற்றி யோசிக்காமல் வேண்டிவிட்டார் போல, அந்த உடம்புக்கு அரிசி வாங்கினால் கட்டாது. ஊர்ச் சனங்களிடம் பையைக் கேட்டார். ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள், தலைவர் வாயால் ஒரு வார்த்தை, நல்லாருப்பீங்க என்று சொன்னதே போதும் என்று கொடுத்தார்கள். கோயிலில் தராசின் ஒரு தட்டில் தலைவர் சம்மணம் போட்டு உட்கார, மறு தட்டில் காலிப் பைகளை அடுக்க, தட்டு நேரானதும் மணி அடித்தார்கள். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள் அஞ்சலாட்சி வீட்டில் பெரிய ரகளை. அவள் புருஷன் கொளஞ்சி, தலைவர் டிராக்டரில் நடை ஓட்டுகிறவன், தலைவர் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். பையைத் தூக்க வந்தான்.

"வச்சிடு அத," என்றாள்.

"தலைவரே வாயத் தொறந்து கேட்டுருக்காரு. வெறும் பைதானடி."

"வெறும் பையா? எம் பொண்ணு சோறுய்யா அது."

"சோறா? எங்க காட்டு, ஒரு பருக்கை காட்டு."

"வரும். எடை இங்க இருக்கு. அரிசி எங்க சுத்தினாலும் தன் எடை இருக்கற எடத்துக்கு வந்துதான ஆவணும்? எடை இல்லாம அது எத்தன நாளு திரியும்?"

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு," என்று கொளஞ்சி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். அவள் பையின் வாயைக் கயிற்றால் இறுக்கி, மகள் படுத்திருந்த கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள். காலிப் பைக்குக் காவல் இருக்கிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் தங்கள் எடையைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

கத்திரி வெயிலில், மேல்காற்று மண்ணை வாரி அடிக்கத் தொடங்கின ஒரு முற்பகலில், லாரி வந்தது. ஊர் எல்லை மதகைத் தாண்டும்போது டயர் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி இறங்கியதாக டிரைவர் சொன்னான். லோடுமேன்கள் தார்ப்பாயை அவிழ்த்து முதல் மூட்டையைத் தம் பிடித்துத் தூக்க, தூக்கின வேகத்தில் மல்லாந்து விழுந்தார்கள். அப்புறம் ஒருவன் நாலு மூட்டையை ஒரே தலையில் அடுக்கினான், இன்னொருவன் ஆள்காட்டி விரலில் ஒன்றை மாட்டிக்கொண்டு பீடி பற்றவைத்தான். லோடு இறங்குவதைக் காண அதிகாரியும் வந்திருந்தார், எடை குறையாத கடை என்று எழுதிக் கொடுத்தவர் அல்லவா.

மூட்டையைப் பிரித்தார்கள். அரிசி இருந்தது. வெள்ளை வெளேரென்று, கல் இல்லாமல், பூச்சி இல்லாமல், இத்தனை வருஷத்தில் அந்தக் கடை காணாத அரிசி. பொங்கலிலிருந்து காத்திருந்த சனங்கள் செருப்பையும் செங்கல்லையும் தள்ளிவிட்டுத் தாங்களே வரிசையில் நின்றார்கள். ஏகாம்பரம் தட்டில் அள்ளிக் கொட்டினான். தராசில் சைபர். இன்னும் கொட்டினான், தட்டு வழிந்து தரையில் சிந்தியது. சைபர். பில் மிஷின் வாயைத் திறக்கவில்லை. ஏகாம்பரத்தின் கண் தானாகவே பின்பக்கத்து அம்மிக்கல்லைத் தேடிப் போயிற்று, ஆனால் அதிகாரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி தராசைத் தட்டிப் பார்த்தார், தன் தராசைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், கைக்குட்டையைப் பிழிந்தார். கடைசியில் எழுந்து நின்றார். "எடை இல்லாத பொருள வழங்கறதுக்கு விதி இல்ல. மேல எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் அரிசி கடையிலயே இருக்கட்டும்."

எவ்வளவு நாளாகும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டு, கண்ணெதிரே கிடந்த அரிசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி மறுபடி வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அஞ்சலாட்சிக்கு ரத்தம் தலைக்கேறியது. அவள் ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய், கட்டில் காலிலிருந்து பையை அவிழ்த்து, தலையில் ஏற்றிக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் இறக்கினாள்.

"சார், அரிசி பின்னால வந்துருக்கு, எடை முன்னால வந்துருச்சு. ரெண்டையும் ஒண்ணா சேத்தா தீந்துச்சு. இதுல போடச் சொல்லுங்க."

அதிகாரி அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம்கூட இருந்தது. "அது மார்ச் மாசத்து எடைம்மா. இது மே மாசத்து அரிசி. ரெண்டையும் கலக்கக் கூடாது."

"எம் பொண்ணு பட்டினி மார்ச்லேருந்து மே வரைக்கும் ஒரே பட்டினிதான் சார், நடுவுல கோடு போட்டு நிறுத்தல."

"வெளிய போம்மா. ஏகாம்பரம், ஷட்டர எறக்கு."

ஏகாம்பரம் ஷட்டர் கம்பியைத் தேடுவதற்குள் மேல்காற்று ஒரு முறை பலமாக அடித்தது. கடைக்குள் புகுந்த காற்று, பிரித்து வைத்த மூட்டைகளிலிருந்து அரிசியைக் கிளப்பியது. இலவம் பஞ்சு எழும்புவது போல அரிசி எழும்பி, கூரையைத் தொட்டு, கதவு வழியாக வெளியே வந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேல் மெதுவாக மிதந்து போயிற்று. "புடி, புடி, அரசாங்கச் சொத்து!" என்று அதிகாரி எகிறி எகிறிக் குதித்தார், கைக்குட்டையை வீசிப் பார்த்தார். சனங்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அஞ்சலாட்சி பையின் கயிற்றை அவிழ்த்து, வாயை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்தாள். மிதந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பிறகு ஒவ்வொரு மணியாக, அப்புறம் கொத்துக் கொத்தாக, அப்புறம் மழையாகச் சடசடவென்று அவள் பைக்குள் இறங்கியது, தன் எடையைக் கண்டுபிடித்துவிட்ட அரிசி. பை நிறைந்ததும் நின்றது, ஒரு மணி கூடவுமில்லை, ஒரு மணி குறையவுமில்லை. வாயைக் கட்டினாள், தலையில் ஏற்றினாள், செருப்பு வரிசையை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம்தான் ஊருக்கு உறைத்தது. விழுந்தடித்து ஓடினார்கள். கூரைமேல் இருந்த பையை இழுத்ததில் தகரம் பறந்தது, கட்டவிழ்ந்த ஆடுகள் முந்திரிக்காட்டுக்குள் ஓடின, பவுனு பையை உருவின வேகத்தில் அவள் புருஷன் கைலியைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாராயத்துக்குப் போனான். பை இருந்தவர்களுக்கு அரிசி வந்து இறங்கியது. துலாபாரத்துக்குக் கொடுத்தவர்கள் மலைக்கோயிலுக்கு ஓடி, கோயில் மேனேஜரின் காலில் விழுந்தார்கள். சாமிக்கு வந்தது சாமிக்குத்தான் என்று அவர் கதவைச் சாத்தினார். அவர்கள் திரும்பிவந்து கொசுவலையை விரித்து அரிசி பிடித்தார்கள், பிடித்ததை அடுப்பிலேற்றினால் மூடியைத் தூக்கிக்கொண்டு சோறு பறந்தது. தலைவர் வீட்டு மாடியில் நின்று இதையெல்லாம் கொளஞ்சியும் பார்த்தான், பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கி வீட்டுக்கு வந்து, பெண்டாட்டிக்கு விறகு பிளந்து போட்டான்.

அதிகாரி விடவில்லை. போலீஸுக்குப் போன் போட்டு, அரசாங்க அரிசியைப் பட்டப்பகலில் கொள்ளையடித்துவிட்டார்கள் என்றார். ஏட்டு ஒருவர் பைக்கில் வந்தார், வயசானவர், வெயிலில் வந்த எரிச்சல். அதிகாரி முன்னால் போக, ஏகாம்பரம் தராசைச் சுமந்துகொண்டு பின்னால் போக, ஊர் அதற்கும் பின்னால் போக, எல்லோரும் அஞ்சலாட்சி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு.

"இவதான். பிடிச்சு உள்ள வைங்க," என்றார் அதிகாரி.

"இருங்க சார். கடையிலேருந்து எவ்ளோ போயிருக்கு?"

"முழு லோடும்."

"கிலோவுல சொல்லுங்க. அரிசின்னா கிலோவுலதான் எழுதணும்."

அதிகாரி ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் தரையைப் பார்த்தான். "தராசுல வச்சப்ப சைபர்தான் காட்டுச்சு ஏட்டய்யா," என்றான் கடைசியில்.

"சைபர் கிலோ களவு போச்சா?" ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, இந்தம்மா பையில எவ்ளோ இருக்கு?" வைத்துப் பார்த்தார்கள். உலையில் போட்டது போக மிச்சம் இருந்தது. உலையில் போட்டதையும் சேர்த்தால் இருபது.

"இருபது கிலோ உங்ககிட்ட எப்பிடிம்மா வந்துச்சு?"

"போன தடவ வந்தப்ப சார்தான் சொன்னாரு," என்றாள் அஞ்சலாட்சி, அடுப்பு விறகைத் தள்ளிவிட்டபடி. "ஊரக் கூட்டி வச்சு, மார்ச் மாசத்து அரிசி இருபது கிலோவ நான் முழுசா வாங்கிட்டேன்னு சொன்னாரு. நான் இல்லவே இல்லன்னேன். அவரு கேக்கல. இப்பத்தான் எனக்கே தெரியுது, சார் சொன்னது உண்மைதான்."

ஏட்டு கூட்டத்தைப் பார்த்தார். "அப்பிடிச் சொன்னாரா?"

ஆமாம் என்றது ஊர். ஆமாம் சொல்லிப் பழகின வாய், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னது. கீழத்தெருக்காரர் மட்டும் தனக்கு முதலில் பத்தொன்பதரைதான் வந்தது என்று ஆரம்பித்தார், அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"அப்ப கடையில ஒண்ணும் கொறையல, இந்தம்மா வீட்டுல ஒண்ணும் கூடல," என்று ஏட்டு தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னா கொழம்பும்மா அது, வாசனை ஊரத் தூக்குது."

"நெத்திலிக் கருவாடு. கைகழுவிட்டு வாங்க அண்ணே."

ஏட்டுக்கு இலை போட்டாள். தேன்மொழியைக் கட்டிலிலிருந்து மெதுவாக எழுப்பி, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தட்டில் ஆவி பறக்கச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அந்தப் பெண் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கருகின விரலால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அஞ்சலாட்சி நிமிர்ந்தபோது, அதிகாரி இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலையில் கிளம்பி வந்தவர், ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், கண் குழம்புச் சட்டியை விட்டு நகரவில்லை. வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"நீங்க கெளம்புங்க சார்," என்றாள் அஞ்சலாட்சி. "சாப்ட்டாச்சுன்னு உங்களுக்கு மெசேஜ் வரும்."

உள்ளேயிருந்து தேன்மொழி தட்டை நீட்டினாள். "அம்மா, இன்னும் கொஞ்சம் போடு."